மூன்று கற்களின் நியாயம்: சாணைக்கல்லைச் சமமாக வைத்திருந்த வரலாறு

(நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, தொல்லியல், அருங்காட்சியகவியல் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

இந்திய உலோகவியல் வரலாற்றில் வாளுக்குக் கிடைத்த பக்கங்கள் ஏராளம். ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று குறித்த தென்னிந்திய எஃகைப் பற்றி மட்டும் ஒரு சிறு நூலகமே உண்டு. அந்த எஃகுக்குக் கூர்மை தந்த கல்லைப் பற்றி ஒரு பத்தி கிடைப்பதே அரிது. அந்தக் கல்லும் தேயும், தேய்ந்த கல்லை யாரோ ஒருவர் மீண்டும் மீண்டும் சமன்படுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்னும் எளிய உண்மையோ நம் வரலாற்றெழுத்தில் அநேகமாக இடம்பெறவே இல்லை. டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதாமல் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்த வற்புறுத்தலை ஏற்றுக்கொண்டால் சாணைக்கல் ஒரு நல்ல தொடக்கப்புள்ளி. கருவியைப் பராமரிக்கும் கருவி அது. அதையும் பராமரித்தாக வேண்டும்.

இப்பதிவு எழுப்பும் கேள்வி ஒன்றே. தீட்டித் தீட்டிக் குழிந்த கல்லை எப்படிச் சமப்படுத்துவது? இதற்கு வரலாறு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தந்திருக்கிறது. கைவினைஞர் எந்த விடையைத் தேர்ந்தார் என்பதில் வேறொரு கேள்விக்கான விடையும் அடங்கியிருக்கிறது: ‘சமம்’ என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் யார் கையில் இருந்தது?

குழிவு ஏன் தோன்றுகிறது?

கத்தியின் வாயோ உளியின் முகமோ கல்லைவிடக் குறுகியது. கை முன்னும் பின்னும் போய்வரும்போது ஒவ்வோர் இழுப்பும் கல்லின் நடுப்பகுதியைக் கட்டாயம் கடக்கிறது. ஓரங்களை எட்டுவதற்குள் கை திரும்பிவிடுகிறது. திரும்பும் இடத்தில் அழுத்தமும் தளர்கிறது. கண்ணாடி மெருகிடுதலை ஆராய்ந்த எஃப். டபிள்யூ. பிரெஸ்டன் 1927இல் முன்வைத்த விதி இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: ஓரிடத்தின் தேய்மானம், அங்கு விழும் அழுத்தம், உராயும் வேகம், உராயும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு ஏற்ப அமையும். நடுப்பகுதிக்கு மூன்றும் மிகுதி. எனவே கல் நடுவில் குழிகிறது.

குழிவு எல்லோருக்கும் குறையாகாது. அரிவாள், சமையற்கத்தி, மரமேறும் தொழிலாளரின் பாளைக்கத்தி ஆகியவற்றின் வாய் இயல்பிலேயே வளைந்தது. சற்றே குழிந்த கல் அவற்றைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. தச்சரின் நிலை வேறு. குழிந்த கல்லில் தீட்டிய இழைப்புளித் தகட்டின் வாய் வில்போல் வளையும். உளியின் பின்முகம் உருண்டுவிடும். பிறகு அந்த உளி மரத்தில் நேர்முகம் வெட்டாது. ஆய்வகத்தில் திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோட்டோம் கத்திக்கு இத்தேவை இன்னும் கடுமையானது. அதாவது, கல் சமமாக இருக்க வேண்டும் என்னும் கோரிக்கை நேர்வாய்க் கருவிகளோடு சேர்ந்தே பிறந்தது. எல்லாச் சாணைக்கற்களுக்கும் பொதுவான, காலங்கடந்த விதியாக அதைக் கொள்ள முடியாது.

சங்கனக்கல்லின் பள்ளங்கள்

இதற்குத் தொல்லியல் சான்று கர்நாடகத்தின் பெல்லாரிக்கு அருகே இருக்கிறது. சங்கனக்கல், குப்கல் குன்றுத் தொகுதி புதிய கற்காலத்தின் பெரும் கோடரித் தொழிற்களம். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கவனத்துக்குக் கொண்டுவந்த இடம் இது. பின்னர் சுப்பாராவ் தொடங்கி, ரவி கோரிசெட்டர், நிக்கோல் பொய்வின், டோரியன் ஃபுல்லர் ஆகியோர் இணைந்த அண்மைக்கால ஆய்வுகள் வரை பல தலைமுறை ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கின்றனர். அங்கே டோலரைட் என்னும் கரிய கல்லைச் செதுக்கிக் கோடரியாக்கினர். செதுக்கிய கோடரியை மெருகேற்றும் கடைசிக் கட்டம் பாறைமீது நடந்தது. நீரும் துகளும் சேர்த்துக் கோடரியை முன்பின்னாக உரைத்துரைத்து, பாறையில் நீண்ட பள்ளங்கள் விழுந்திருக்கின்றன.

இன்றைய தச்சர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் கெட்டுப்போன கல் என்பார். கோடரி செய்தவருக்கோ பள்ளமே கருவி. கோடரியின் உடல் குவிந்தது; குவிந்த உடலை மெருகேற்றக் குழிந்த தளமே பொருத்தம். சமதளத்தில் உரைத்தால் கோடரியின் ஒரு கோடு மட்டும் கல்லில் படும். பள்ளத்தில் உரைத்தால் முகம் முழுதும் படும். பாறையும் கோடரியும் ஒன்றையொன்று வடிவமைத்தன. இங்கே ‘சமப்படுத்துதல்’ என்னும் வேலைக்கே இடமில்லை. பள்ளம் மிக ஆழமானால் பக்கத்தில் இன்னொரு பள்ளம் தொடங்கும், பாறைக்குப் பஞ்சமில்லை.

இதிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஓர் எச்சரிக்கை. குழிவைக் கண்டவுடன் அறியாமை என்றோ கவனக்குறைவு என்றோ முடிவு கட்டக் கூடாது. அந்தக் கல்லில் எது தீட்டப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

முதல் விடை: தேய்வதை மாற்றிக்கொள்வது

கல்லைச் சமப்படுத்தும் தொல்லையிலிருந்து விடுபட ஒரு வழி, கல்லையே கைவிடுவது. தமிழகத்திலும் கேரளத்திலும் பனை, தென்னை மரமேறிக் கள்ளும் பதநீரும் இறக்குவோர் மரப்பலகை ஒன்றில் வெங்கச்சங்கல்லின் பொடியைத் தூவி அதன்மேல் கத்தியைத் தீட்டினர். வெட்டுவது பொடி, தாங்குவது மரம். பொடி மழுங்கினால் தட்டிவிட்டுப் புதிய பொடி தூவலாம். பலகை குழிந்தால் செதுக்கிச் சமமாக்கலாம், அல்லது வேறொரு பலகை தேடலாம். இத்தனை எளிய ஏற்பாட்டுக்குள் பின்னாளில் பெரும் ஆலைகள் பின்பற்றிய ஒரு கோட்பாடு மறைந்திருக்கிறது: வெட்டும் துகளையும் தாங்கும் தளத்தையும் பிரித்துவிட்டால், இரண்டையும் தனித்தனியே புதுப்பிக்க முடியும்.

இதே கோட்பாட்டின் செல்வச் செழிப்பான வடிவம் மணிக்கல் பட்டறைகளில் இருந்தது. குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் கலந்து சக்கரமாக வார்த்தனர். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிகளுக்கு மெருகேற்றியோர் பயன்படுத்திய சக்கரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அரக்கு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். ஆகவே தேய்ந்து ஒழுங்கு குலைந்த சக்கரத்தை எறிந்துவிட வேண்டியதில்லை. இளக்கி, பொடி சேர்த்து, மீண்டும் வார்க்க முடியும். இயற்கைக் கல்லைச் சீர்செய்யும்போது கல் குறைந்துகொண்டே போகும். இங்கே சீர்செய்தல் என்பதே மறுவார்ப்பு. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் ஊர் ஊராகச் சென்று ஆயுதங்களுக்கும் கத்திகளுக்கும் கூரேற்றிய சிக்லிகர்களின் பெயர், மெருகைக் குறிக்கும் ‘சைகல்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வினையின் பெயரே சமூகத்தின் பெயராகும் அளவுக்கு இத்தொழில் பழையது.

குருந்தத்தின் பயணம் தனியே சொல்லத் தக்கது. ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ தமிழ்க் ‘குருந்தம்’ என்னும் சொல்லின் வழித்தோன்றல். வடமொழியில் அதற்கு உறவான சொல் ‘குருவிந்தம்’. 1760களின் இறுதியில் மதராஸ் மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோவில் கல்முத்திரை செதுக்கிய வில்லியம் பெர்ரிக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். இந்நாட்டார் மணிக்கற்களுக்கு மெருகேற்றப் பயன்படுத்தும் பொருள் இது என்ற குறிப்பும் உடன் சென்றது. சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட கட்டுரை இதைப் பதிவுசெய்கிறது. ஐரோப்பியக் கனிமவியல் குருந்தத்தை ஒரு கனிமமாக ஏற்றுக்கொண்ட வழி, இந்திய மெருகுத் தொழிலாளரின் பட்டறை வழி. ஆனால் பட்டறையிலிருந்து கட்டுரைக்குச் சென்றது கனிமமும் பெயரும்தான். அதைப் பொடித்து, சலித்து, அரக்கில் கட்டி, தேய்ந்தபோது புதுப்பித்த அறிவு கூடச் செல்லவில்லை. 1898இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக டி. எச். ஹாலண்ட் குருந்தத்துக்கென்றே ஒரு தொகுதி எழுதும் காலத்தில் அது முழுமையாகப் பொருளாதார நிலவியலின் பொருளாகிவிட்டிருந்தது.

இரண்டாம் விடை: கல்லைக் கல்லால் உரைப்பது

குழிந்த கல்லை இன்னொரு கல்லோடு முகத்துக்கு முகம் வைத்து, நடுவே மணலும் நீரும் இட்டு உரைப்பது அடுத்த வழி. மேடான இடங்கள் முதலில் மோதும்; முதலில் தேயும். சற்று நேரத்தில் இரண்டு முகங்களும் இடைவெளியின்றிப் பொருந்தும். வேலை முடிந்தது என்று தோன்றும். பொறி இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பொறியை நன்கறிந்தவர்கள் கல்லச்சுத் தொழிலாளர்கள். அலாய்ஸ் செனஃபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் உருவாக்கிய கல்லச்சு 1820களில் கல்கத்தாவில் வேரூன்றியது. நஸ்தலீக் எழுத்தின் வளைவுகளை ஈய அச்சில் கோப்பது கடினம். கல்லச்சிலோ எழுத்தரின் கையெழுத்து அப்படியே பதியும். எனவே உருது, பாரசீகப் பதிப்புலகம் கல்லச்சைத் தனதாக்கிக்கொண்டது. 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் அதன் மாபெரும் எடுத்துக்காட்டு. 1894இல் பம்பாயில் நிறுவப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் வண்ணப் படங்களில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டியிருந்தது. கல்லின் முகம் சற்றே மேடுபள்ளமானாலும் மை சீராக ஏறாது. அழுத்தம் ஓரிடத்தில் கூடி, கல்லே விரிசல்விடக்கூடும். ஓர் அச்சுவேலை முடிந்ததும் பழைய உருவத்தை அழித்து, கல்லை அடுத்த உருவத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். அதற்கான வழி, இரண்டு கற்களை மணலும் நீரும் இட்டு ஒன்றன்மேல் ஒன்றாக உரைப்பது.

மேற்கல் நகரும்போது கீழ்க்கல்லின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. அப்போது தொடும் பரப்பு குறைந்து, எடை முழுதும் கீழ்க்கல்லின் ஓரத்திலும் மேற்கல்லின் நடுவிலும் இறங்குகிறது. விளைவு: மேற்கல் குழியும், கீழ்க்கல் குவியும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டே இருக்கும். இரண்டுமே சமமாக இரா. தொலைநோக்கி ஆடி செய்பவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்வது இதே விளைவைத்தான். கல்லச்சுத் தொழிலாளருக்கு அதுவே கேடு. ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் கற்களை மேல்கீழாக மாற்றினர். நேர்விளிம்புச் சட்டத்தைக் கல்லின் குறுக்கே வைத்து, அதன் அடியில் செருகிய காகிதத் துண்டு எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று பார்த்தனர்.

பொருத்தம் வேறு, சமம் வேறு. இரண்டு கற்கள் ஒன்றையொன்று உறுதிசெய்வதால் இரண்டும் உண்மையாகிவிடுவதில்லை. ஒன்றின் பிழைக்கு மற்றது துணை நிற்கலாம். வரலாற்று மாணவருக்கு இது பழகிய சிக்கல். ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்பட்ட இரண்டு சான்றுகள் ஒத்துப்போவது சான்றாகாது என்று நாம் முதலாண்டிலேயே கற்பிக்கிறோம்.

சிக்கலிலிருந்து விடுபட மூன்றாவது கல் வேண்டும். முதற்கல்லும் இரண்டாங்கல்லும் பொருந்த வேண்டும். இரண்டாங்கல்லும் மூன்றாங்கல்லும் பொருந்த வேண்டும். மூன்றாங்கல்லும் முதற்கல்லும் பொருந்த வேண்டும். முதற்கல் குவிந்திருந்தால் அதனோடு பொருந்தும் மற்ற இரண்டும் குழிந்திருக்கும். குழிந்த இரண்டு கற்கள் ஒன்றோடொன்று பொருந்தா. மூன்று இணைகளும் பொருந்தும் ஒரே நிலை, மூன்றும் சமமாக இருக்கும் நிலை. ஒரு நுணுக்கம் மட்டும் மீதமிருக்கிறது: மூன்றும் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டிருந்தால் ஏமாற்றிவிடக்கூடும். அதைத் தடுக்க அவ்வப்போது ஒரு கல்லைக் கால்வட்டம் திருப்பி வைத்து உரைக்க வேண்டும்.

இம்முறையைப் பொறியியல் உலகில் நிலைநிறுத்தியவர் ஜோசப் விட்வொர்த். 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் உண்மைச் சமதளங்கள் பற்றி அவர் கட்டுரை வாசித்தார். அவருடைய வாதத்தின் கூர்மை, எமரித் தூளிட்டு உரைக்கும் வழக்கத்துக்கு எதிரானது. தூள் எங்கே சேர்கிறது என்பது வேலை செய்பவரின் கட்டுப்பாட்டில் இல்லை. எனவே இரும்புத் தட்டுகளை உரைக்கக் கூடாது, சுரண்ட வேண்டும் என்றார். ஒரு தட்டில் மெல்லச் சாயம் பூசி மற்றதன்மேல் வைத்தால் மேடுகளில் மட்டும் சாயம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி நீக்குவது அவர் வழி. கல்லைச் சுரண்ட முடியாது. ஆகவே சாணைக்கல்லுக்கு உரைத்தல்தான் கதி. ஆனால் மூன்றின் தருக்கம் இரண்டுக்கும் பொது.

இந்தத் தருக்கத்தின் சிறப்பை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்பே சமமான ஒரு பொருள் இதற்குத் தேவையில்லை. பிழையுள்ள மூன்று கற்களும் பொறுமையும் முறைமாறாத வரிசையும் இருந்தால் போதும். பிழையற்ற தளம் அவற்றிலிருந்தே பிறக்கும். அளவுகோலை எங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டாம். துல்லியம் என்பது மேலிருந்து கீழே, மையத்திலிருந்து விளிம்புக்கு, ஐரோப்பாவிலிருந்து குடியேற்ற நாட்டுக்கு இறங்கிவரும் பொருள் என்று எழுதப்பட்ட வரலாறுகளுக்கு இது தரும் மறுமொழி கவனிக்கத் தக்கது. துல்லியத்தின் அடிப்படையே ஒப்பீடு. ஒப்பீட்டுக்குத் தலைநகரம் கிடையாது.

முகம் புதுக்கியவர்கள்

கல்லின் முகத்தைப் பராமரிப்பதே பிழைப்பாக வாழ்ந்தோரும் இந்நாட்டில் இருந்தனர். அம்மி, ஆட்டுக்கல், திரிகை ஆகியவற்றின் சிக்கல் சாணைக்கல்லின் சிக்கலுக்கு நேர்மறு. அவை வழுவழுப்பானால் அரைக்கமாட்டா. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தமிழகத் தெருக்களில் அம்மி கொத்துவோர் குரல் கொடுத்துச் சென்றது பலருக்கு நினைவிருக்கும். மராத்தி பேசும் பகுதிகளில் இவ்வேலையைச் செய்தோரின் பெயர் தாகன்கார். ஆர். வி. ரஸ்ஸலும் ஹீராலாலும் 1916இல் வெளியிட்ட மத்திய மாகாணச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பு, உளியால் கொத்துவதைக் குறிக்கும் மராத்திச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்கிறது. அவர்களைப் பார்திகளின் ஒரு கிளையாகவும் காட்டுகிறது. பார்திச் சமூகங்களோ குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டவை. 1871இல் பிறந்த அச்சட்டம் 1952இல்தான் முழுமையாக நீங்கியது.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் அத்தனை வீட்டு மாவும் எவருடைய கைத்திறனை நம்பி அரைபட்டதோ, அவர் ஆவணத்தில் நுழையும் வாயில் காவல்துறையின் பதிவேடு. கருவி செய்தவருக்கு ஓரிடத்தில் பட்டறை இருந்தது. அவரைப் பற்றி வரிக்கணக்கும் கல்வெட்டும் பேசக்கூடும். கருவியைப் பராமரித்தவர் நடந்துகொண்டே இருந்தார். நடப்பவரை அரசு சந்தேகித்தது. பராமரிப்பின் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு ஆய்வாளரின் மறதி மட்டும் காரணமன்று. பராமரித்தவரை ஆவணம் எந்தப் பெயரில் சேமித்தது என்பதும் காரணம்.

மூன்றாம் விடை: சமத்தை விலைக்கு வாங்குவது

1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கி, அதற்குக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். கொரண்டத்தின் எதிரொலி அப்பெயரிலும் கேட்கிறது. விரைவிலேயே பாக்சைட்டை உருக்கிச் செயற்கை அலுமினிய ஆக்சைடும் தயாரிக்கப்பட்டது. சுரங்கத்துக் குருந்தத்தின் இடத்தை உலையின் படிகம் பிடித்தது. நார்ட்டன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் செயற்கை அலுமினிய ஆக்சைடு எண்ணெய்க்கல் ‘இந்தியா’ என்னும் வணிகப் பெயரில் உலகெங்கும் விற்கப்பட்டது. கனிமம் இடம்மாறிய பிறகும் நாட்டின் பெயர் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னர் இந்தியாவிலும் ஆலைகள் எழுந்தன: 1941இல் பம்பாயை அடுத்து கிரைண்ட்வெல், 1954இல் சென்னையில் முருகப்பா குழுமம், அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து அமைத்த கார்போரண்டம் யுனிவர்சல். குருந்தம் என்ற சொல்லைத் தந்த மொழியின் நிலத்துக்கு அச்சொல் ஓர் ஆலையின் பெயராகத் திரும்பி வந்தது.

ஆலைக்கல்லின் துகள் ஒரே அளவு. கடினம் முன்கூட்டியே தெரியும். ஆனால் அதுவும் குழியும். அதைச் சமப்படுத்தும் வழிகள் இப்போது கடையில் கிடைத்தன. இரும்புச் சமதளத் தட்டின்மேல் தளர்ந்த துகளை இட்டு உரைக்கலாம். ரயில்வே பணிமனைகளிலும், 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. போன்ற இயந்திர ஆலைகளிலும், தொழிற்பயிற்சி நிலையங்களின் ஃபிட்டர் வகுப்புகளிலும் சமதளத் தட்டு அன்றாடப் பொருளாயிற்று. அடுத்த மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. திரவத்தின் மேற்பரப்பு தானாகவே சமம். அதன்மேல் உறையும் கண்ணாடியும் சமம். அதுவரை பெருவிலை கொடுத்தும் பல மாத உழைப்பைச் செலுத்தியும் பெற்ற சமதளம் சன்னற் கண்ணாடி விலைக்கு இறங்கிவந்தது. இன்று தச்சரொருவர் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் நீர்த்தாள் எனப்படும் உப்புத்தாளை ஒட்டிக் கல்லைச் சமப்படுத்துகிறார் என்றால், அவர் கையில் இருக்கும் அளவுகோல் ஒரு வெள்ளீயக் குளம்.

1954இன் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கை வைரம் பிறந்தது. எஃகுத் தகட்டின்மேல் வைரத் துகள்களை நிக்கல் பூச்சால் பிணைத்த தட்டுகள் அதன் பேரப்பிள்ளைகள். இன்று சாணைக்கல்லைச் சமப்படுத்துவோர் பலரும் நாடுவது இவற்றையே.

தேர்வின் கணக்கு

இவ்வழிகளுள் எதைத் தேர்வது? நடைமுறைக் கணக்கு எளியதே. அதை அறிந்திருந்தால் பழைய கைவினைஞரின் தேர்வும் நமக்குப் புரியும். மென்மையான கல் விரைவில் குழியும். ஆனால் விரைவில் சமமாகும். கடினக் கல் மெல்லக் குழியும்; குழிந்தபின் பழிவாங்கும். சமப்படுத்தும்போது நீக்க வேண்டியது குழிவின் ஆழமளவு கல்லின் முகம் முழுவதையும். ஆகவே ஆழ்ந்த குழிவு விலையுயர்ந்த இயற்கைக் கல்லின் ஆயுளைத் தின்னும். கல்லின் எல்லாப் பகுதிகளிலும் சீராகத் தீட்டுவதும், அவ்வப்போது முனை மாற்றி வைப்பதும் செலவில்லாத முதல் வைத்தியம். தளர்ந்த துகள் மலிவு. ஆனால் அது கல்லோடு தாங்கும் தட்டையும் தின்னும். கண்ணாடித் தட்டு நாளடைவில் தானே குழிந்து அந்தக் குழிவைக் கல்லுக்குக் குவிவாகத் தரும். உப்புத்தாள் கண்ணாடியைக் காக்கும். தாளைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். வைரத்தட்டு விரைவானது, அதன் சமம் அடியிலுள்ள எஃகுத் தகட்டின் சமத்தைத் தாண்டாது, சொரசொரப்பான கல்லிலிருந்து உதிரும் துகள் வைரத்தைப் பெயர்த்துவிடக்கூடும். மூன்று கற்களை மாற்றி மாற்றி உரைப்பது மெதுவானது. ஆனால் எதையும் நம்பியிராதது. எவ்வழியானாலும் சோதனை ஒன்றே: கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடிட்டு உரைத்தால், கோடு அழியாமல் எஞ்சும் இடம் பள்ளம். விட்வொர்த்தின் சாயச் சோதனைக்கு ஏழைத் தம்பி இது.

இக்கணக்கில் ஒரு வரலாற்றுப் போக்கு தென்படுகிறது. சங்கனக்கல்லில் அளவுகோல் செய்பொருளின் உடலில் இருந்தது. மூன்று கற்களில் அது ஒப்பீட்டின் ஒழுங்கில் இருந்தது. கண்ணாடியிலும் வைரத்தட்டிலும் அது எங்கோ ஓர் ஆலையில் இருக்கிறது. படிப்படியாகச் சமம் மலிவாயிற்று, விரைவாயிற்று. அதே வேளையில் அதை உறுதிசெய்யும் ஆற்றல் கைவினைஞரிடமிருந்து விலகியும் போயிற்று. தட்டு பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க இன்னொரு தட்டையே வாங்க வேண்டியவர் இன்றைய பயனர். மூன்று கற்களை வைத்திருந்தவருக்கு அந்தச் சார்பு இல்லை. இதைச் சீரழிவாக நான் சொல்லவில்லை. ஒரு வசதியின் விலை என்ன என்று கேட்பது வரலாற்றாசிரியரின் கடமை என்பதால் சொல்கிறேன்.

ஒரு திருப்பத்தையும் குறிப்பிட வேண்டும். இன்று அளவியல் ஆய்வகங்களில் இரும்புத் தட்டைப் பெரும்பாலும் கல் தட்டு இடம்பெயர்த்துவிட்டது. வணிகத்தில் ‘கறுப்பு கிரானைட்’ என்று வழங்கும் கல் அதற்கு மிகவும் விரும்பப்படுகிறது. அப்பெயரில் தென்னிந்தியாவிலிருந்து செல்லும் கற்களில் டோலரைட் முக்கியமானது. புதிய கற்காலத்தில் பாறைமீது உரைபட்டுப் பள்ளம் விழச் செய்த அதே இனக் கல், இப்போது சமதளத்தின் அளவுகோலாக வீற்றிருக்கிறது.

அருங்காட்சியகங்களுக்கும் மாணவர்களுக்கும்

சாணைக்கல்லைச் சமப்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆவணம் அழிகிறது. குழிவின் ஆழமும் இடமும், எந்தக் கருவி எவ்வளவு காலம் எந்தக் கையால் தீட்டப்பட்டது என்பதன் பதிவு. கல்லச்சுக் கல்லில் ஒரு பக்கம் அச்சானதும் அழிக்கப்பட்டதுபோல், சாணைக்கல்லில் ஒரு பருவத்தின் உழைப்பு அடுத்த பருவத்துக்காக அழிக்கப்பட்டது. வேலை நடக்க அது தேவை. தச்சரிடம் குழிவைக் காப்பாற்றச் சொல்வது அபத்தம். ஆனால் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்ட கல்லுக்கு இனி வேலை இல்லை. திரிகைக் கற்களின் தேய்மானத்தை அளந்து உணவு வரலாறு எழுதும் தொல்லியல், சாணைக்கற்களுக்கும் அந்த மரியாதையைத் தரலாம்.

எனவே நடைமுறை வேண்டுகோள்கள் சில. கைவினைத் தொகுப்புகளில் கத்திக்கும் உளிக்கும் அட்டை எழுதும்போது அவற்றோடு வந்த கல்லுக்கும் தனி எண் கொடுங்கள். நீளம், அகலம், கனம் மட்டும் போதா. நேர்விளிம்பை வைத்துக் குழிவின் பெரும ஆழத்தையும் அது நடுவிலா ஒருபுறமா என்பதையும் எழுதுங்கள். இரண்டு முகங்களையும் பாருங்கள். ஒரு முகம் குழிந்தும் மறுமுகம் சமமாகவும் இருந்தால், இருவகைக் கருவிகள் அங்கே தீட்டப்பட்டிருக்கலாம். முகத்தில் குறுக்குக் கீறல்கள் இருந்தால், அது இன்னொரு கல்லோடு உரைபட்டதன் தடமாக இருக்கக்கூடும். ஒரு பட்டறையிலிருந்து மூன்று கற்கள் சேர்ந்து கிடைத்தால், அவற்றைத் தயவுசெய்து பிரித்து வைக்காதீர்கள். காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று எந்தக் கல்லின் முகத்தையும் தேய்த்துத் துலக்காதீர்கள்.

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர் தம் ஊரிலுள்ள ஒரு தச்சுப் பட்டறையிலிருந்தோ சவரக்கடையிலிருந்தோ தொடங்கலாம். உங்கள் கல் சமமாக இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் விடையில் ஒரு தொழிலின் அறிவுக்கோட்பாடு முழுவதும் இருக்கும். அவ்விடையை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அச்சொற்களிற் பல எந்த அகராதியிலும் ஏறாதவை.